மூங்கிலால் ஒரு மறைப்பு வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து வீட்டுச் சன்னலுக்கும் நம் முற்றத்துக்கும் நடுவே பச்சையாக ஒரு மறைப்பு வேண்டும் என்று மூங்கிலைத் தேடி வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகளும் பருவங்களும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியவை. மலைப்பகுதியில் இருப்பவர்கள் 19-ஆம் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

1. மூங்கில் மரமா, புல்லா? அது தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?

புல். நெல்லும் கரும்பும் சோளமும் சேர்ந்த அதே குடும்பம். நடுவதற்கு முன்பே இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். மரத்தின் தண்டு வருடா வருடம் பருக்கும். மூங்கில் கழி பருக்காது. மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது முளை என்ன பருமனோ, அதுதான் அந்தக் கழிக்குக் கடைசிவரை. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். பிறகு கிளை விட்டு, இலை விட்டு, அதோடு சரி. அடுத்த வருடம் அதே கழி ஓர் அங்குலம்கூட உயராது.

அப்படியானால் வேலி எப்படி உயர்கிறது? மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான் எல்லாம் நடக்கிறது. இந்த வருட இலைகள் சமைத்த உணவு கிழங்கில் சேர்கிறது. அடுத்த மழைக்கு அங்கிருந்து கிளம்பும் முளை முந்தையதைவிடத் தடிமனாக, உயரமாக வருகிறது. ஆகவே முதல் இரண்டு வருடம் நீங்கள் வளர்ப்பது கிழங்கைத்தான். கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுவே அடிப்படை.

2. மூங்கில் வச்சா தோட்டம் முழுக்க ஓடிடும்னு சொல்றாங்களே?

எல்லா மூங்கிலும் ஓடாது. தூர் கட்டும் வகை ஒன்று, ஓடும் வகை ஒன்று. தூர் கட்டும் வகையில் ஒவ்வொரு கிழங்கும் குட்டையாக வளைந்து மேல்நோக்கித் திரும்பி ஒரு கழியாக முடிந்துவிடும். அடுத்த கிழங்கு அதன் பக்கவாட்டு மொட்டிலிருந்து கிளம்பும். அதனால் தூர் வட்டமாக, வருடத்துக்குச் சில அங்குலம் என்ற கணக்கில்தான் அகலும். ஓடும் வகையில் கிழங்கு படுக்கைவாட்டில் கயிறுபோல நீண்டுகொண்டே போய், போகிற வழியில் கணுவுக்குக் கணு முளைவிடும். வைத்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் பாதையின் நடுவே முளைப்பது இந்த வகை.

நம் சமவெளியில் கிடைக்கும் மூங்கில்கள் ஏறக்குறைய எல்லாமே தூர் கட்டுபவை. ‘ஓடிடும்’ என்ற பயம் சீனா, ஜப்பான், அமெரிக்கா பக்கத்து அனுபவத்திலிருந்து வந்தது. அங்கே தோட்டங்களில் அதிகம் இருப்பது ஓடும் வகையான பில்லோஸ்டாக்கிஸ் இனம்.

3. மறைப்புக்கு எந்த மூங்கில் நல்லது? நர்சரில ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க.

பெயரை நம்பாதீர்கள். எவ்வளவு உயரம் மறைய வேண்டும், எவ்வளவு அகலம் இடம் இருக்கிறது என்ற இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். 12 முதல் 18 அடி வரை, அதாவது முதல் மாடிச் சன்னல் மறைந்தால் போதும் என்றால் வேலி மூங்கிலுக்கு இணை இல்லை. தாவரவியல் பெயர் பாம்புசா மல்டிபிளெக்ஸ். கழி கட்டைவிரல் பருமன்தான். தரையை ஒட்டியே கிளையும் இலையும் அடர்ந்திருக்கும், தூர் இறுக்கமாக நிற்கும். இதிலேயே மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் ‘அல்போன்ஸ் கார்’ ரகம் உண்டு. பத்தடிக்குள் அடங்கும் சிற்றிலை ரகங்களும் உண்டு.

இரண்டு மாடி உயரம் மறைய வேண்டுமானால் தாய்லாந்து மூங்கில் (திர்சோஸ்டாக்கிஸ் சயாமென்சிஸ்). 25 முதல் 40 அடி உயரம், நேரான கழி, ஒன்றோடொன்று ஒட்டிய தூர். வறட்சியும் தாங்கும். ஒரே குறை, கிளைகள் பாதி உயரத்துக்கு மேல்தான் வரும்; கீழே வெறும் கழிதான் தெரியும். இதற்கு வழி 15-இல் இருக்கிறது.

எல்லா நர்சரியிலும் முதலில் காட்டப்படுவது மஞ்சள் மூங்கில், அதாவது பாம்புசா வல்காரிஸின் கோடு போட்ட ரகம். கழியை வெட்டிப் புதைத்தாலே வேர்விடும் என்பதால் மலிவாகக் கிடைக்கிறது. அழகில் குறையில்லை. ஆனால் 30 அடிக்குமேல், நல்ல மண்ணில் 50 அடிக்குமேல் போகும். கழி கை பருமன் வரும். தூர் மட்டும் சில வருடங்களில் ஆறடி அகலம் பிடிக்கும். இரண்டரை சென்ட் மனையின் மதிலோரத்துக்கு அது பொருந்தாது. மூங்கில் வேலியை வெறுத்து வெட்டி எறிந்தவர்களில் பலர் இந்தத் தேர்விலேயே தவறியவர்கள்.

4. பீமா மூங்கில், கல் மூங்கில், முள் மூங்கில் இதெல்லாம் வேலிக்கு ஆகாதா?

பீமா என்பது பாம்புசா பால்கூவாவிலிருந்து தேர்ந்தெடுத்து, திசு வளர்ப்பில் பெருக்கப்படும் முள்ளில்லா மூங்கில். எரிபொருளுக்கும் கழிக்கும் ஏக்கர் கணக்கில் நடுவதற்கானது, வீட்டோரத்துக்கு மிகப் பெரியது. கல் மூங்கில் (டெண்ட்ரோகேலமஸ் ஸ்டிரிக்டஸ்) வறண்ட காட்டு இனம். கோடை இறுகும்போது இலையைக் கொட்டிவிடும். சன்னல்களைத் திறந்துவைக்கும் மாதங்களில் மறைப்பு இல்லாமல் போகும்.

முள் மூங்கில் பண்ணை எல்லைக்கு நல்ல காவல். ஆனால் அடிக்கிளைகளின் முள் பின்னிக்கொண்ட பிறகு உள்ளே கைவிட்டுப் பழைய கழியை எடுக்க முடியாது. குழந்தைகள் ஓடும் வீட்டில் வேண்டாம்.

5. கன்று வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

உயரத்தைப் பார்க்காதீர்கள். பையின் மண்ணைப் பாருங்கள். வெட்டி நட்ட தண்டின் கணுக்களிலிருந்து பச்சைப்பசேலென இலை வந்திருக்கும், ஆனால் வேர் சரியாகப் பிடித்திருக்காது. தண்டில் மிச்சமிருந்த சத்தில் துளிர்த்த இலை அது. அப்படிப்பட்ட கன்று வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் காய்ந்துபோகும். நட்ட தண்டுக்கு ஓரங்குலம் தள்ளி, மண்ணைக் கீறிக்கொண்டு தனியாக ஒரு முளை வந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வந்திருந்தால் கிழங்கு உருவாகிவிட்டது என்று பொருள். அந்தக் கன்று பிழைக்கும்.

இரண்டடி உயரத்தில் ஐந்தாறு மெல்லிய கழிகளோடு இருக்கும் கன்று, எட்டடி உயர ஒற்றைக் கழிக் கன்றைவிட மேல். அந்த எட்டடிக் கழி இனி உயரப்போவதில்லை (கேள்வி 1). இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி இருந்தால் அந்த வரிசையிலேயே எடுக்காதீர்கள்.

6. 30 அடி நீளத்துக்கு எத்தனை கன்று வேணும்?

வேலி மூங்கிலுக்கு மூன்றடி இடைவெளி. இரு முனையிலும் ஒன்றரை அடி விட்டால் 30 அடிக்கு 10 கன்று. இரண்டு வருடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அவசரக்காரர்கள் இரண்டடியில் நடலாம். ஒரு வருடம் முன்னதாக அடையும். அதற்கு ஈடாக நான்காம் வருடத்திலிருந்து கழி எடுக்கும் வேலை கூடும். தாய்லாந்து மூங்கிலுக்கு நான்கு முதல் ஐந்தடி. மஞ்சள் மூங்கிலை இடமுள்ள தோட்டத்தில் வைப்பதானால் எட்டு முதல் பத்தடி.

7. மதில் சுவர், அஸ்திவாரம், செப்டிக் டேங்க் இதுக்கெல்லாம் ஆபத்து உண்டா?

மூங்கிலுக்கு ஆணிவேர் கிடையாது. கிழங்கு பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள், நார்வேர்கள் அதற்குச் சற்றுக் கீழே. வீட்டு அஸ்திவாரத்தைத் தூக்கும் வலு வேலி மூங்கிலுக்கு இல்லை. ஆழமில்லாத கடைக்கால் போட்ட மதில் வேறு கதை. கிழங்குகள் அதை ஒட்டியே பெருத்தால் நாளடைவில் தள்ளிச் சாய்க்கும். வேலி மூங்கிலை மதிலிலிருந்து மூன்றடி, தாய்லாந்து மூங்கிலை நான்கடி தள்ளி நடுங்கள். பின்புறம் ஆள் நுழைந்து பழைய கழியை அறுக்கவும் அந்த இடம் வேண்டும். இதை மறந்து சுவரை ஒட்டி நட்டவர்கள் ஒரு பக்கம் மட்டுமே கழிக்க முடிகிறது. மறுபக்கம் காய்ந்த கழி சேர்ந்துகொண்டே போகும்.

குழாயை மூங்கில் வேர் உடைக்காது. ஆனால் ஏற்கெனவே கசியும் இணைப்பு இருந்தால் நார்வேர் மோப்பம் பிடித்து உள்ளே புகுந்து அடைத்துவிடும். செப்டிக் டேங்க், கழிவுக்குழாய் இரண்டிலிருந்தும் ஆறடியாவது தள்ளுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த மூங்கில் எடை தாளாமல் வளைந்து, நிற்கும் இடத்திலிருந்து பல அடி தள்ளித் தொடும்.

8. குழி எடுக்கணுமா, வாய்க்கால் மாதிரி எடுக்கணுமா? முறையைச் சொல்லுங்க.

வேலிக்கு நீளப் பள்ளம்தான் சரி. கிழங்கு பக்கவாட்டில் பரவும் செடிக்கு மண் தொடர்ச்சியாக இளகியிருக்க வேண்டும். 30 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் எடுத்தால் 90 கன அடி மண் வரும். மேல் மண்ணைத் தனியாக வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 கன அடி நன்கு மக்கிய தொழுவுரமும், கன்றுக்கு 250 கிராம் வீதம் பத்துக் கன்றுக்கு இரண்டரை கிலோ வேப்பம்பிண்ணாக்கும் அந்த மேல் மண்ணில் கலந்து திரும்ப நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது. சூடு வேரைச் சுடும், கரையானையும் கூட்டும். கட்டட வேலை முடிந்த மனையில் சிமெண்டுக் கட்டியும் ஜல்லியும் புதைந்திருந்தால் அவற்றைக் கொத்தி வெளியே எடுத்தாக வேண்டும்.

நிரப்பிய பிறகு ஒரு முறை தண்ணீர் விட்டு மண்ணை இறங்க விடுங்கள். அடுத்த நாள் பையைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் வைத்து, பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் கிழங்கு மொட்டு அழுகும். கரிசலும் களிமண்ணும் உள்ள இடத்தில் பள்ளமே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அங்கே முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு அதன்மேல் நடவேண்டும். கடைசியாக வைக்கோலோ காய்ந்த இலையோ மூன்றங்குலத்துக்குப் பரப்புங்கள்.

9. எந்த மாசம் நடலாம்?

தென்மேற்கு மழை கிடைக்கும் கோவை, பொள்ளாச்சி, தென்காசிப் பக்கம் ஜூன், ஜூலை. வடகிழக்கு மழையை நம்பும் சென்னை, டெல்டா, தென்மாவட்டங்களில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள். அக்டோபர் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். சொட்டுநீர் இருந்தால் ஜனவரியிலும் வைக்கலாம். ஏப்ரல், மே மட்டும் வேண்டாம்.

10. தண்ணி, உரம் எவ்வளவு?

முதல் மூன்று மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கன்றுக்கு 10 முதல் 12 லிட்டர். சொட்டுநீரில் கன்றின் இருபுறமும் மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஒவ்வொன்று வைத்து ஒன்றரை மணி நேரம் விட்டால் 12 லிட்டர் வரும். அதன் பிறகு வாரம் இருமுறை 20 லிட்டர், கோடையில் மூன்று முறை. தாகத்தை மூங்கிலே காட்டிக்கொடுக்கும். இலை நீளவாக்கில் சுருண்டு ஊசிபோல நிற்கும். மத்தியான வெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் பரவாயில்லை. காலை ஏழு மணிக்கே சுருண்டிருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள்.

புல் என்பதால் தழைச்சத்துதான் பிரதானம். ஜூனிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக இருமுறை, கன்றுக்கு ஐந்து கிலோ தொழுவுரமும் 50 கிராம் யூரியாவும். இரண்டாம் வருடத்திலிருந்து யூரியா 100 கிராம். ஈர மண்ணில், தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக இட்டு மூடுங்கள். கீழே உதிரும் மூங்கில் இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். கழிக்கும் இலைக்கும் உறுதி தரும் சிலிகா அந்தச் சருகில் இருக்கிறது. மக்கினால் அதே வேருக்குத் திரும்பப் போகும்.

11. வச்சு ஒரு வருஷம் ஆச்சு, அப்படியே நிக்குது. ஏமாத்திட்டாங்களா?

தூரைச் சுற்றி விலக்கிப் பாருங்கள். புதிய முளைகள் வந்திருந்தால், பழைய கழி உயராமல் இருப்பது இயல்பு (கேள்வி 1). முதல் வருட முளை பென்சில் பருமன்கூட இருக்காது. இரண்டாம் மழைக்கு வருவது பழையதைத் தாண்டும். வேலி மூங்கில் மூன்றாம் மழைக்குப் பிறகு 12 அடியைத் தொட்டு அடைத்து நிற்கும். தாய்லாந்து மூங்கில் தன் முழு உயரம் காட்ட ஐந்து வருடம் வரை ஆகும்.

மழைக்காலம் முழுவதும் ஒரு முளைகூட வரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: கிழங்கில்லாத கன்று (5), ஆழ நடவு (8), அல்லது நிழல். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படாத வடக்குச் சந்தில் மூங்கில் மெலிந்துதான் வரும். உரத்தால் அதை ஈடுகட்ட முடியாது.

12. முளை நல்லா வந்துச்சு, ஓரடி உயரத்துல அப்படியே காஞ்சு போச்சு.

எல்லா முளையையும் வளர்க்கக் கிழங்கில் சத்து இருக்காது. சிலவற்றை அதுவே கைவிடும். உயிருள்ள முளையை விடியற்காலையில் பாருங்கள். மூடிய உறையின் நுனியில் நீர்த்துளி கோத்திருக்கும். துளி இல்லாமல், உறை மங்கி, இழுத்தால் நுனி கையோடு வந்துவிட்டால் அது நின்றுபோனது. தரைமட்டத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள், அழுகல் தூருக்குள் இறங்காது.

ஒரு தூரில் முக்கால்வாசி முளை இப்படிப் போனால் தண்ணீர் தேங்குகிறதா, அல்லது முளை வரும் மாதங்களில் தண்ணீர் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். எலி கடித்ததானால் அடியில் பல் தடம் தெரியும். இளமுளை கண்ணாடிபோல முறியும். களை எடுப்பவர் கால் பட்டே பல போகின்றன. அந்த இரண்டு மாதம் தூருக்குள் யாரையும் இறங்கவிடாதீர்கள்.

13. இலை மஞ்சளாகிக் கொட்டுது. நோயா?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் பழைய இலை மஞ்சளித்து உதிர்வதும் கூடவே புது இலை துளிர்ப்பதும் இயல்பு. துளிர் இல்லாமல் மொத்தமாகக் கொட்டினால் வறட்சி. நுனி மட்டும் தீய்ந்து பழுப்பானால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். போர்த் தண்ணீர் உவராக இருக்கும் கடலோர மனைகளில் இது சாதாரணம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை வேர் நனைய நனைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள், மழைநீரைச் சேர்த்து விட்டால் இன்னும் நல்லது. இலைமேல் கரிபடிந்ததுபோல இருந்தால் கழுவிவிட்டு அடியில் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ சுரக்கும் தேன்கசிவில் வளரும் பூஞ்சைதான் அந்தக் கரி. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் படும்படி மாலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை.

14. உச்சியை வெட்டி ஒரே மட்டமா வச்சுக்கலாமா?

வைக்கலாம், எப்போது என்பதுதான் முக்கியம். முளை ஏறிக்கொண்டிருக்கும்போது நுனியைக் கிள்ளினால் அந்தக் கழி மொட்டையாக நின்றுவிடும், சில சமயம் அழுகும். முழு உயரம் எட்டிக் கிளை விரியத் தொடங்கியதும், ஏறக்குறைய டிசம்பர், ஜனவரியில் வெட்டுங்கள். வெட்டிய கழி திரும்ப உயராது. கீழ்க் கணுக்களில் கிளை அடரும், மறைப்பு கனமாகும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைக்காதீர்கள். 40 அடி மூங்கிலை 10 அடியில் வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று வாங்குவது வீண்வேலை. ஒவ்வொரு மழைக்கும் புதுக் கழி மறுபடி 40 அடிக்குத்தான் கிளம்பும்.

வெட்டு எப்போதும் கணுவை ஒட்டி மேலே இருக்க வேண்டும். ஏன் என்று 17-இல் சொல்கிறோம்.

15. மேல அடர்த்தியா இருக்கு, கீழ எல்லாம் தெரியுதே?

வேலி மூங்கிலில் அப்படியானால் யாரோ அடிக்கிளையைக் கழித்திருக்கிறார்கள், அல்லது தூர் நெருங்கி உள்ளே வெளிச்சம் இல்லை. பழைய கழியை எடுத்துவிட்டால் (16) புதுக் கழி அடியிலிருந்தே இலையோடு வரும். கழித்த கழியில் திரும்பக் கிளை வரும் என்று காத்திருப்பதைவிட இதுவே விரைவான வழி. தாய்லாந்து மூங்கிலின் சுபாவமே அப்படித்தான். அதன் முன்னால் இரண்டரை அடி தள்ளி இட்லிப்பூவோ செம்பருத்தியோ ஒரு வரிசை வையுங்கள். மூங்கிலோடு தண்ணீருக்குப் போட்டி இருக்கும் என்பதால் அந்த வரிசைக்குத் தனிச் சொட்டுவான் வேண்டும்.

16. கழி எடுக்கிறதுன்னா எந்தக் கழியை, எப்போ?

நான்காம் வருடத்திலிருந்து, மழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில், வருடம் ஒரு முறை. புதுக் கழிக்கு நிறம் பளிச்சென்று இருக்கும். கணுவுக்குக் கீழே வெள்ளை மாவு படிந்திருக்கும். அடியில் உறை ஒட்டியிருக்கும். (தாய்லாந்து மூங்கிலில் உறை வருடக்கணக்கில் உதிராது; அங்கே நிறத்தை மட்டும் பாருங்கள்.) மூன்று வயது தாண்டியது மங்கிச் சாம்பல் பூத்து, தோலில் பாசித் திட்டுகள் படர்ந்திருக்கும். எடுக்க வேண்டியது அதைத்தான். ஒல்லியாக இருக்கிறது என்று ஒருவயதுக் கழியை எடுத்தால் அடுத்த முளைக்கு உணவு தரும் ஆளையே அனுப்பிவிடுகிறீர்கள். ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள்.

பழைய கழி தூரின் நடுவில்தான் இருக்கும், சுற்றிலும் புதுசு. பார்வைக்குப் படாத பக்கத்தில் ஒரு வாசல்போலத் திறந்து உள்ளே போய் நடுவை எடுங்கள். மேலிருந்து பார்த்தால் தூர் குதிரை லாட வடிவில் தெரியும். அரிவாளால் கொத்தினால் அடி சிதையும், வளைவு ரம்பம் நல்லது. எடுத்த கழி அவரைப் பந்தலுக்கும் தக்காளிக்கு ஊன்றுகோலுக்கும் ஆகும். உளுக்காமலிருக்க இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துங்கள். கழியிலுள்ள மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. ஊறலில் அது கரைந்து குறையும்.

17. பாம்பு வரும், கொசு வரும்னு வீட்ல பயப்படறாங்க.

பாம்பு எலியைத் தேடி வருகிறது. அடியில் கழிவும் சோற்றுப்பருக்கையும் சேராமல், வருடாவருடம் கழி எடுத்து, தூருக்குள் டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியும்படி வைத்திருந்தால் எலி தங்காது. சருகு மூடாக்கு மூன்றங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டு வாசலையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் ஒட்டி நடாதீர்கள். இந்த எச்சரிக்கை எந்தப் புதருக்கும் பொருந்தும்.

கொசுப் பயம் நியாயமானது. அதற்குக் காரணம் வெட்டும் முறை. கணுவில் தடுப்புச் சவ்வு இருப்பதால், கணுவுக்கு நான்கங்குலம் மேலே வெட்டிய அடிக்கட்டை ஒரு டம்ளராகி மழைநீரைப் பிடித்துவைக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் மூங்கில் கட்டையும் ஒன்று. கணுவை ஒட்டி வெட்டினால் தண்ணீர் நிற்காது. ஏற்கெனவே உள்ள கட்டைகளில் மணலை நிரப்பிவிடுங்கள்.

18. மூங்கில் பூத்தா பஞ்சம் வரும்னு பாட்டி சொல்றாங்க. வேலி பூத்துட்டா?

பாட்டி சொல்வதற்குப் பின்னால் உண்மை இருக்கிறது. மிசோரம் மலைகளில் மெலோகன்னா என்ற மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூக்கும். விழும் விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் எலிகள் வயலில் இறங்கும். 1958-59-இல் பஞ்சமே வந்தது. 2006-07-இல் மறுபடி பூத்தது. நம் மலைக்காடுகளின் முள் மூங்கிலும் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, மூங்கில் அரிசி தந்து, தூரோடு மடியும்.

வேலி மூங்கிலும் மஞ்சள் மூங்கிலும் மொத்தமாகப் பூப்பது மிக அரிது. ஒரு வீட்டு வேலி பூத்தால் ஊருக்கு எதுவும் ஆகாது, வேலிதான் போகும். ஒன்றிரண்டு கழி மட்டும் பூத்திருந்தால் அவற்றை அடியோடு எடுத்து உரம் கொடுத்துப் பாருங்கள். மொத்தத் தூரும் பூத்தால் மாற்றுக்கன்றுக்குத் தயாராகுங்கள். பூத்த தூரிலிருந்து பிரித்த கன்று வேண்டாம், அதுவும் கூடவே பூக்கும்.

19. நாங்க ஊட்டிப் பக்கம். இங்க இருக்கற மூங்கில் ஓடுதே?

குளிர்ந்த மலைகளில் ஓடும் வகை, குறிப்பாக பில்லோஸ்டாக்கிஸ் ஆரியா, தாராளமாக வளரும். அடிக்கணுக்கள் நெருங்கிப் புடைத்திருந்தால் அதுதான். அழகான மறைப்பு, ஆனால் அணை கட்டாமல் நடக்கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தகட்டை இரண்டரை அடி ஆழத்துக்கு வரிசையைச் சுற்றி இறக்குங்கள். இரண்டங்குலம் மண்ணுக்குமேல் தெரியட்டும். தகட்டின் மேல்விளிம்பு வெளிப்புறமாகச் சற்றுச் சாய்ந்திருந்தால், முட்டும் கிழங்கு கீழே புகாமல் மேல்நோக்கித் திரும்பும். விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்ப்பதை வருடம் இருமுறை வெட்டிவிடலாம். சிமெண்டுச் சுவர் வேண்டாம், விரிசல் விட்ட இடத்தில் கிழங்கு நுழையும்.

புதிதாக நடுகிறவர்களுக்கு எங்கள் யோசனை, மலையிலும் வேலி மூங்கிலையே தேடுங்கள். லேசான உறைபனியை அது தாங்கும்.

20. மொட்டை மாடில தொட்டில வைக்கலாமா?

வேலி மூங்கிலும் அதன் சிற்றிலை ரகங்களும் வளரும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்த அளவு தொட்டி வேண்டும். மண், மக்கிய உரம், தேங்காய்நார்க் கழிவு மூன்றும் சமபங்கு. நனைந்தால் ஒரு தொட்டி 100 கிலோவைத் தாண்டும் என்பதால் சுவரும் உத்திரமும் இருக்கும் ஓரமாக வையுங்கள். பால்கனித் தொங்கலில் வரிசையாக வைக்குமுன் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். கோடையில் தினமும் தண்ணீர். காற்றுக்குச் சாயாமல் நடுஉயரத்தில் ஒரு கம்பி இழுத்துக் கட்டுங்கள்.

மூன்று வருடத்தில் தொட்டி கிழங்கால் நிறைந்து புடைக்கும். ஜூனுக்கு முன் வெளியே எடுத்து, கட்டியை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, பாதியைப் புது மண்ணோடு திரும்ப வையுங்கள். மறுபாதி இன்னொரு தொட்டிக்குக் கன்று. கடைகளில் தண்ணீர்க் குவளையில் விற்கும் ‘லக்கி பாம்பூ’வை வைத்து வேலி போட முடியுமா என்றும் கேட்கிறார்கள். அது மூங்கிலே அல்ல, டிரசீனா.

21. பழைய மூங்கில் தூரை எடுக்கணும். ஆசிட் ஊத்தலாமா?

வேண்டாம், மண்தான் கெடும். ஏப்ரலில் எல்லாக் கழியையும் தரையோடு அறுத்துவிட்டு, மழைக்கு வரும் முளைகளை ஓரடியில், இலை விரியும் முன்பே வெட்டிக்கொண்டே வாருங்கள். இலை இல்லாவிட்டால் கிழங்குக்கு வரவு இல்லை. இருப்பு மட்டும் செலவாகும். வேலி மூங்கில் ஒன்று அல்லது இரண்டு மழைக்காலத்தில் ஓய்ந்துவிடும். பிறகு கடப்பாரையால் துண்டு துண்டாக நெம்பி எடுக்கலாம். மஞ்சள் மூங்கிலின் பெரிய தூருக்கு ஜே.சி.பி. வைப்பது மலிவு. அதன் பச்சைக் கழித்துண்டை ஈர மண்ணில் போட்டுவிடாதீர்கள், கணுவில் துளிர்த்துவிடும். வெயிலில் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.